ஒரு நிறுவனத்தின் நெருக்கடி, இரு நாட்டு நாளிதழ்கள்: ‘பண்பாடு’ என்ற விளக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: பொருநை

அனைவருக்கும் வணக்கம். இதழியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஆய்வுத் திட்ட வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பன்னாட்டு நிறுவனம் அயல்நாட்டில் நெருக்கடிக்கு ஆளாகும்போது, அதன் தாய்நாட்டு நாளிதழ்களும் நெருக்கடி வெடித்த நாட்டின் நாளிதழ்களும் அந்த ஒரே நிகழ்ச்சியை எப்படி வேறுவேறாக எழுதுகின்றன என்பதே என் பொருள். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது 2009, 2010 ஆண்டுகளில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சந்தித்த நெருக்கடி.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளக்கூடும் என்று அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கும், பெடலே ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று 2010 ஜனவரியில் மேலும் 23 லட்சம் வண்டிகளுக்கும் நிறுவனம் திரும்ப அழைப்பு விடுத்தது. பிப்ரவரி 5 அன்று தலைவர் அகியோ டொயோடா நகோயாவில் செய்தியாளர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக் குழு முன் சாட்சியம் அளித்தார்.

நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டீடின் அளவீடுகளை என் கோட்பாட்டு அடிப்படையாக வைத்திருக்கிறேன். அவருடைய தனிமனிதத்துவ அளவுகோலில் (எண் கூடினால் தனிமனிதத்துவம் கூடுதல்) அமெரிக்கா 91, ஜப்பான் 46. ஆகவே அமெரிக்க நாளிதழ்கள் தனிமனிதர்களைக் குற்றம் சாட்டியிருக்கும், ஜப்பானிய நாளிதழ்கள் நிறுவனத்தையும் சூழலையும் பேசியிருக்கும் என்பது என் கருதுகோள். நெறியாளர் இதற்கு இசைவு தந்துவிட்டார். ஆனால் ஆய்வுக்குழு உறுப்பினர் ஒருவர், “இந்த எண் செய்தி அறைக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் எப்படி விடை தேடுவது? இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: பாலைத்திணை

பொருநை அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஆய்வுக்குழு உறுப்பினர் மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அதற்கு விடை காணாமல் வரைவை ஒப்படைக்க வேண்டாம். நெடுங்காலம் தொடர்பியல் கற்பித்தவன் என்ற முறையில், ஹோஃப்ஸ்டீடின் எண்களை ஓர் அட்டவணையாக ஒட்டிவிட்டு அடுத்த இயலுக்குத் தாவிவிடும் ஆய்வேடுகளை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் தரவைத் தொடுவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த எண்கள் பிறந்த கதையை வரைவில் நீங்கள் சொல்லியாக வேண்டும். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டப்பட்ட 1,16,000க்கும் மேற்பட்ட வினாப்படிவங்களிலிருந்து அவை உருவாயின. 1980இல் வெளியான நூலில் 40 நாடுகளுக்கான அளவீடுகள் இருந்தன. மொத்தத் தொகை பெரிதாகத் தோன்றினாலும் நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. 2002இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி எழுதிய கடுமையான விமர்சனக் கட்டுரை, பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேரும் இரண்டாம் சுற்றில் 70 பேரும் மட்டுமே விடையளித்ததை எடுத்துக்காட்டியது. ஜப்பானைப் பொறுத்தவரை படிவங்களின் எண்ணிக்கை உங்களுக்குச் சிக்கலாகாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்களின் மனப்போக்கு 2010இல் ஒரு நாளிதழின் செய்தி ஆசிரியர் எடுத்த முடிவை விளக்கும் என்று சொல்வதுதான் சிக்கல். தம் அளவீடுகள் நாடுகளின் சராசரிகள், அவற்றைத் தனி ஆட்களின் மேல் ஏற்றக்கூடாது என்று ஹோஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே அளவுகோலில் இந்தியாவின் எண் 48. தனிமனிதத்துவத்தில் இந்தியாவும் ஜப்பானும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதாகச் சொல்லும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு டோக்கியோ நாளிதழையும் சென்னை நாளிதழையும் ஒரே கருதுகோளால் விளக்க நீங்கள் துணிவீர்களா?

ஆனாலும் உங்கள் கருதுகோள் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அதற்கு மிக நெருங்கிய ஆய்வு 1999இல் வெளிவந்திருக்கிறது. தான்யா மேனன், மைக்கேல் மாரிஸ் முதலிய நால்வர், 1990களில் வங்கிகளையும் வணிக நிறுவனங்களையும் உலுக்கிய ‘கட்டுக்கடங்காத வர்த்தகர்’ ஊழல்களை (அனுமதியின்றி வர்த்தகம் செய்து ஓர் ஊழியர் பெரும் இழப்பை உண்டாக்குவது) நியூயார்க் டைம்ஸும் அசாகி ஷிம்புனும் எழுதிய விதத்தை ஒப்பிட்டார்கள். 1995இல் பேரிங்ஸ் வங்கியை மூழ்கடித்த சிங்கப்பூர் வர்த்தகம், அதே ஆண்டு வெளிப்பட்ட டாய்வா வங்கி இழப்பு, 1996இல் வெளிப்பட்ட சுமிடோமோ நிறுவனத்தின் தாமிர வர்த்தக இழப்பு ஆகியவை அந்தக் காலத்து நிகழ்ச்சிகள். அமெரிக்க நாளிதழ் வர்த்தகரின் குணத்தைப் பற்றி அதிகம் எழுதியது; ஜப்பானிய நாளிதழ் நிறுவனத்தின் கண்காணிப்பைப் பற்றி அதிகம் எழுதியது. அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. நாளிதழில் கண்ட வேறுபாடு வாசகர் சமூகத்தின் காரணம் கற்பிக்கும் பழக்கத்திலும் இருக்கிறதா என்று மக்களிடமும் சோதனை நடத்தினார்கள். உங்கள் உறுப்பினர் கேட்ட வாசலை அவர்கள் இப்படித்தான் தேடினார்கள்.

இதற்கு ஐந்தாண்டு முன்பு, 1994இல், மாரிஸும் கைபிங் பெங்கும் இன்னும் நுட்பமான ஓர் ஒப்பீட்டைச் செய்திருந்தார்கள். 1991இல் அமெரிக்காவில் நடந்த இரண்டு துப்பாக்கிச் சூடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் சுட்டவர் சீன மாணவர். மற்றதில் வேலை இழந்த அமெரிக்க அஞ்சல் ஊழியர். ஆங்கில நாளிதழும், அமெரிக்காவிலேயே வெளியாகும் சீனமொழி நாளிதழும் ஒரே நாட்டில் அச்சாகி, இரு நிகழ்ச்சிகளையும் வேறுவேறாக விளக்கின: முன்னது சுட்டவரின் மனநிலையை முன்னிறுத்தியது, பின்னது அவரை அழுத்திய சூழ்நிலையை முன்னிறுத்தியது. நாட்டை மாற்றாமல் வாசகர் சமூகத்தை மட்டும் மாற்றிப் பார்த்த இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் கோட்பாட்டைத் தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டு இத்தகைய வடிவமைப்பைத் தேடுங்கள்.

பதில்: வைகறை

நான் ஆய்வாளர் அல்லள். வாகன உதிரிபாகத் தொழிலில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறேன். பாலைத்திணை ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அவருடைய பதிலைப் படிக்கும் ஒருவர், பண்பாட்டு வேறுபாடு என்பதே வெறும் அட்டவணைக் கற்பனை என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். குறைந்தது மன்னிப்புக் கேட்கும் விஷயத்தில் வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. அதன் நடுவில் நின்றுதான் நான் சம்பாதிக்கிறேன்.

தரப் பிரச்சினைக்கான கூட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ரிஜெக்‌ஷன் ஆன பாகங்கள் மேசைமேல் ஒரு தட்டில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பு மார்க்கரால் வட்டமிட்டிருக்கும். ஜப்பானியப் பொறியாளர் எழுந்து, தொல்லை தந்தமைக்கு வருந்துவதாகச் சொல்லிக் குனிந்துவிட்டுத்தான் எதையும் தொடங்குவார். குறை அவர்கள் அனுப்பிய மூலப்பொருளிலா, நம் எந்திரத்திலா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. உறவு பாதிக்கப்பட்டிருக்கிறது, அதைச் சீர்செய்யும் பொறுப்பு எனக்கு உண்டு என்பதே அந்த வணக்கத்தின் பொருள். நம் தரப்பில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி ஒருவர், அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எண்ணி, இழப்புத் தொகையை அவர்கள் கணக்கில் பற்று வைக்கும் டெபிட் நோட்டை அன்று மாலையே போடச் சொல்லிவிட்டார். அதைச் சரிசெய்யப் பெரும் பாடுபட வேண்டியிருந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று. ஹிரோஷி வாகாத்சுமாவும் ஆர்தர் ரோசெட்டும் 1986இலேயே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சட்டத்துக்கும் மன்னிப்புக்கும் உள்ள உறவை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். 2011இல் வில்லியம் மேடக்ஸும் உடன் ஆய்வாளர்களும், ஜப்பானியர் அடிக்கடி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதையும், அமெரிக்கர் மன்னிப்பைப் பழியை ஏற்பதாகப் புரிந்துகொள்ள, ஜப்பானியர் அதைப் பொதுவான வருத்தமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும் காட்டினார்கள்.

இப்போது உங்கள் டொயோட்டாவுக்கு வருகிறேன். பிப்ரவரி 5 அன்று அகியோ டொயோடா குனிந்தது போதுமான அளவுக்கு ஆழமாக இல்லை என்ற குறை எழுந்தது. தலைகுனியும் கோணம் வரை கவனிப்பது அங்கே கேலிக்குரிய செயல் அன்று. 1985 ஆகஸ்டில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 520 பேர் இறந்தபோது, அதன் தலைவர் இறந்தோரின் குடும்பத்தினர் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதவி விலகினார். ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அத்தகைய நிகழ்ச்சிகள்தான் உருவாக்கியிருக்கின்றன.

பிப்ரவரி 24 சாட்சியத்தைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளர் மட்டுமே கவனிக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களில் உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்கப் பொதுவாக 5 நிமிடம் தருவார்கள். கேள்வியை ஜப்பானியத்துக்கும் விடையை ஆங்கிலத்துக்கும் மாற்றும்போது அந்த ஐந்து நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கேட்பது அந்த அவையின் வழக்கம். பின்னணியைச் சொல்லிவிட்டு விடைக்கு வருவது ஜப்பானியப் பேச்சின் வழக்கம். இரண்டும் சேர்ந்தால், நேரம் தீரும் வரை விடை வரவில்லை என்றே தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தோன்றும். மழுப்பல் என்று செய்தியாளர் எழுதியதில் எவ்வளவு பண்பாடு, எவ்வளவு கடிகாரம் என்று உங்கள் ஆய்வு பிரித்துக் காட்டினால் என் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் நன்றி சொல்வோம்.

பதில்: இரவுமேசை

தமிழ் நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் துணை ஆசிரியன் நான். வைகறை அவர்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வேறுபாடு இருக்கிறது என்பது ஒன்று. அந்த வேறுபாட்டை யார், எப்போது, எந்தப் பயன் கருதி எடுத்துப் பேசுகிறார்கள் என்பது இன்னொன்று. பண்பாடு என்ற விளக்கம் செய்திக்குள் வரும்போதெல்லாம் அதை முதலில் சொன்னவர் யார் என்று பாருங்கள். பொருநையின் ஆய்வுக்கு நான் தரக்கூடிய ஆலோசனை இது ஒன்றே.

கேமரா தயாரித்த ஜப்பானிய நிறுவனமான ஒலிம்பஸில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2011 ஏப்ரலில் மைக்கேல் வுட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ்காரர் அதன் தலைவரானார். அக்டோபர் 14 அன்று இயக்குநர் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. நிர்வாகப் பாணியில் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துவரவில்லை, ஜப்பானிய முறையை அவர் புரிந்துகொள்ளவில்லை என்பதே நிறுவனம் சொன்ன காரணம். செய்தி எழுதுபவருக்கு இது மிகவும் வசதியான காரணம். மேற்கத்தியத் தலைவர், கீழைத்தேய நிறுவனம், மோதல் என்று எழுதிவிட்டால் படிப்பவருக்கும் உடனே புரிந்துவிடும். நீக்கத்தை அறிவித்த நாளில் பல நாளிதழ்கள் அப்படித்தான் எழுதின. ஆனால் நடந்தது வேறு. ஜைரஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை 2008இல் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியபோது ஆலோசனைக் கட்டணமாக மட்டும் 68 கோடி டாலருக்கு மேல் ஏன் கொடுத்தீர்கள் என்று வுட்ஃபோர்டு கேட்டிருந்தார். நவம்பர் 8 அன்று, பல ஆண்டுகளாகப் பழைய முதலீட்டு இழப்புகளை மறைத்துவந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பண்பாட்டு மோதல் என்று அறிவித்தவர்கள் கணக்கு மோசடிக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள்.

இதில் உங்கள் கருதுகோளை நேராகத் தாக்கும் ஒரு செய்தி உண்டு. மோசடியை முதலில் அச்சிட்டது மேற்கத்திய நாளிதழ் அன்று. சந்தாதாரர்களை நம்பி நடக்கும் ஃபாக்டா என்ற சிறிய ஜப்பானிய மாத இதழ்தான் அதை அந்தக் கோடையிலேயே எழுதியது; அதைப் படித்துத்தான் வுட்ஃபோர்டே கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர் நீக்கப்பட்ட பிறகு ஆவணங்களை ஃபைனான்சியல் டைம்ஸிடம் கொடுத்தார். ஆகவே ஜப்பானிய ஊடகம் இப்படி, மேற்கத்திய ஊடகம் அப்படி என்ற கோடு இங்கே நிற்கவில்லை. அமைச்சகங்களிலும் தொழில் அமைப்புகளிலும் செய்தியாளர் மன்றம் அமைத்து, அன்றாடம் அங்கிருந்தே செய்தி பெறும் பெரிய நாளிதழ்களுக்கும், அந்த மன்றங்களுக்கு வெளியே நிற்கும் சிறு இதழ்களுக்கும் இடையே கோடு கிழித்தால் நிற்கிறது.

புகுஷிமா அணுமின் நிலைய விபத்தை விசாரித்த நாடாளுமன்ற ஆணையத்தின் அறிக்கை 2012 ஜூலையில் வந்தபோதும் இதைக் கண்டோம். ஆணையத் தலைவர் கியோஷி குரோகாவா ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில், மேலதிகாரியைக் கேள்வி கேட்கத் தயங்குவது, குழுவோடு ஒட்டி நிற்பது போன்ற ஜப்பானியப் பழக்கங்களே இந்தப் பேரிடரின் வேர் என்று எழுதினார். உலக ஊடகங்கள் அந்தப் பத்தியையே தலைப்பாக்கின. ஜப்பானியப் பதிப்பில் அந்தப் பத்தி அதே வடிவில் இல்லை. ஒழுங்குமுறை அமைப்பு தான் கண்காணிக்க வேண்டிய தொழிலோடு கைகோத்ததைப் பற்றி அந்த அறிக்கை விரிவாகவே பேசுகிறது. ஆனால் பண்பாடு என்ற ஒரு விளக்கம் முன்னால் வந்து நின்றதும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன. ஜப்பானை நன்கறிந்த அறிஞர்களே அப்போது இதைக் கண்டித்தார்கள்.

எங்கள் மேசையில் நடப்பதையும் சொல்கிறேன். ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி ஆகிய செய்தி முகமைகளிலிருந்து வரும் செய்தி ஆங்கிலத்தில் 600, 700 சொற்களில் இருக்கும். எனக்கு இருக்கும் இடமோ ஒரு விளம்பரத்துக்கு மேலே ஒற்றைப் பத்தி உயரம். அடியிலிருந்துதான் வெட்டுவோம். முதல் வரியில் இருக்கும் அடைமொழி பிழைத்துக்கொள்ளும். கடைசியில் இருக்கும் பின்னணி உதிர்ந்துவிடும். டோக்கியோவையோ வாஷிங்டனையோ அறியாத வாசகருக்கு அந்த அடைமொழிதான் அந்த நாடு. அதனால்தான் இந்த ஆய்வு எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

பொருநை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவை மாற்றப்போகிறேன். இப்போது எனக்கு இரண்டு தடைகள் தெரிகின்றன. ஒன்று, எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஜப்பானிய நாளிதழ்களின் ஆங்கிலப் பதிப்புகளையே பயன்படுத்த எண்ணியிருந்தேன். மற்றொன்று, டொயோட்டா விசாரிக்கப்பட்ட அதே காலத்தில்தான், 2009 ஜூனில் திவாலாகி மீட்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸில் அமெரிக்க அரசு சுமார் 60 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. அமெரிக்க நாளிதழ்களின் தொனியில் தன்னாட்டுத் தொழில் மீதான பற்று எவ்வளவு, பண்பாடு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: பாலைத்திணை

இரண்டு தடைகளும் ஒரே வழியில் நீங்கும். ஆங்கிலப் பதிப்பு அயலாருக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் செய்தி. குரோகாவா முன்னுரையே அதற்குச் சான்று. ஆகவே ஜப்பானிய நாளிதழ்களை விட்டுவிடுங்கள். அமெரிக்க நாளிதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றுங்கள்.

இதற்கு முன்னோடி அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் ராபர்ட் என்ட்மன் 1991இல் வெளியிட்ட ஆய்வு. 1983 செப்டம்பரில் சோவியத் போர்விமானம் கொரிய விமானத்தை வீழ்த்தியதில் 269 பேர் இறந்தார்கள். 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரான் விமானத்தை வீழ்த்தியதில் 290 பேர் இறந்தார்கள். அதே அமெரிக்க ஊடகங்கள் முதலாவதைக் கொலை என்றும் இரண்டாவதைத் தொழில்நுட்பச் சிக்கலால் நேர்ந்த துயரம் என்றும் எழுதின. ஊடகம் மாறவில்லை, எழுதிய மொழியும் வாசகரும் மாறவில்லை. சுட்டவர் யார் என்பது மட்டுமே மாறியது.

உங்களுக்கு ஏற்ற இணை 2014இல் இருக்கிறது. இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 உயிரிழப்புகளை ஏற்றுக்கொண்டது. தலைவர் மேரி பாரா 2014 ஏப்ரலில் அதே பிரதிநிதிகள் அவையின் வேறொரு குழு முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். வைகறை அம்மா சொன்ன மொழிபெயர்ப்புக் கடிகாரம் அங்கே இல்லை என்பதால், அதன் விளைவையும் நீங்கள் பார்க்க முடியும். அந்த நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் வலூகாஸ் விசாரித்து அந்த ஆண்டு ஜூனில் தந்த அறிக்கை, கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்துவிட்டு வெளியே போய் எதையும் செய்யாமல் இருப்பதையும், கைகளைக் குறுக்காகக் கட்டிப் பிறரைச் சுட்டிப் பொறுப்பைத் தள்ளிவிடுவதையும் அந்நிறுவனத்தின் வழக்கங்களாகப் பதிவு செய்தது. மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவதும் குழுவோடு ஒட்டிப்போவதும் இங்கேயும் இருக்கின்றன. இந்தத் தயக்கத்தை அந்த அறிக்கை நிறுவனத்தின் பண்பாடு என்றது. டொயோட்டாவின் தயக்கத்தை அதே நாளிதழ்கள் நிறுவனத்தின் பண்பாடு என்றனவா, ஜப்பானின் பண்பாடு என்றனவா என்பதே உங்கள் ஆய்வுக் கேள்வியாக இருக்கலாம்.

பகுப்பாய்வில் ஒவ்வொரு கட்டுரையிலும் பண்பாடு காரணமாகச் சொல்லப்படும் இடத்தைக் குறித்து, அதைச் சொன்னவர் செய்தியாளரா, நிறுவனமா, அரசு அதிகாரியா, வல்லுநரா என்று இரவுமேசை நண்பர் சொன்னபடி தனியாகக் குறியிடுங்கள். இரண்டாவது குறியீட்டாளர் ஒருவரை வைத்து, கட்டுரைகளில் ஒரு பகுதியையாவது இருவரும் தனித்தனியே குறியிட்டு, இருவரின் குறியீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா அளவைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஆய்வுக்குழு முதலில் அதைத்தான் கேட்கும். நாசா ஆய்வுக்குப் பின் 2011 பிப்ரவரியில் மின்னணுக் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டதற்கும், உண்மையை மறைத்ததற்காக 2014 மார்ச்சில் டொயோட்டா 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதற்கும் தனித்தனிக் காலப்பகுதிகள் வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸ் பற்றிய இரு நாடாளுமன்றக் குழு விசாரணைகளின் சாட்சியப் பதிவுகளும் அமெரிக்க அரசின் வெளியீட்டு அலுவலகத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். நாளிதழ்களைத் தொடுவதற்கு முன் அவற்றை முழுமையாகப் படித்துவிடுங்கள்.